விமானக் கழகமும் விமானியின் பொறுப்பும்



இந்தியாவில் தனி மனிதர்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட வரலாறு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நீளமுள்ளது. அதைப் பலரும் வீரர்களின் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். யார் முதலில் பறந்தார், யார் வெகுதொலைவு பறந்தார், யார் விரைந்து பறந்தார் என்ற கணக்காகவே அது பெரும்பாலும் அமைந்துவிட்டது. இன்று நான் அதே வரலாற்றை வேறொரு பக்கத்திலிருந்து காட்ட விரும்புகிறேன். விமானம் தரையைவிட்டு எழும்புவதற்கு முன் என்ன நடந்தது? எதை யார் சரிபார்த்தார்? சரிபார்க்காமல் விட்டதற்குப் பொறுப்பாளி யார்? இக்கேள்விகளை ஒட்டியே என் பேச்சு செல்லும். கல்லூரியிலும் உயர்நிலைப் பள்ளியிலும் பயிலும் மாணவர்கள் இதைக் கேட்பது நல்லது. உங்களுள் சிலர் நாளை விமானி ஆகக்கூடும். விமானி ஆகாதவர்களும் என்றேனும் ஒருவருடைய கையில் தம் உயிரை ஒப்படைத்துப் பயணம் செய்யக்கூடும்.

நான் இடைசெவலைச் சேர்ந்தவன். கோவில்பட்டிக்குத் தெற்கே, கரிசல் காட்டின் நடுவே உள்ள சிற்றூர் அது. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்று தமிழ் படிப்போர் அறிவர். அவ்வூருக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். ஓர் உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது சோழவரம், உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு முதலிய இடங்களில் ஓடுதளங்கள் அமைந்தனவே, அவற்றைப் போன்ற ஒன்று எங்களுக்குத் தெற்கே கயத்தாற்றிலும் அமைந்தது. கோவில்பட்டிக்கு அருகேயும் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அதைச் சீர்செய்து விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றை ஏற்படுத்தும் திட்டம் அண்மை ஆண்டுகளில் அரசாங்கத்தால் பேசப்பட்டு வருகிறது. ஆகவே, கரிசல் காட்டுப் பிள்ளைகள் தலைக்கு மேலே விமானம் போவதை அண்ணாந்து பார்த்த காலம் போய், அதனுள் அமர்ந்து கற்கும் காலம் வரக்கூடும்.

மற்றோர் உறவும் உண்டு. மாட்டுவண்டி ஓடிய நாளில், பருத்திப் பொதியை ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிச் சந்தைக்குப் புறப்படும் சம்சாரி, மாட்டைப் பூட்டுமுன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது வழக்கம். கடையாணி இருக்கிறதா, அச்சுக்கு மை போட்டாயிற்றா, பூட்டாங்கயிறு நைந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பார். மேற்கே மேகம் கறுத்திருந்தால் பயணத்தை ஒத்திப்போடுவார். மழையில் நனைந்த கரிசல் மண் சக்கரத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் என்பது அவருக்குத் தெரியும். வண்டி செய்த தச்சர் கெட்டிக்காரர் என்பதற்காக அவர் கடையாணியைப் பார்க்காமல் இருந்ததில்லை. விமானி செய்ய வேண்டிய ஆயத்தமும் இயல்பில் இதுவேதான். வண்டி வழியில் நின்றால் இறங்கி நடக்கலாம், வானத்தில் இறங்கி நிற்க இடமில்லை என்பதொன்றே வேறுபாடு.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

இந்தியாவில் விமானம் பறந்தது 1910-ஆம் ஆண்டில். அவ்வாண்டிலேயே சென்னையில் ஓட்டல் நடத்திவந்த டி ஆஞ்செலிஸ் என்னும் ஐரோப்பியர், பல்லாவரத்தில் தம் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். அடுத்த ஆண்டு, அதாவது 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள், ஆன்றி பெக்கே என்னும் பிரெஞ்சுக்காரர் அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்குக் கடிதங்களைச் சுமந்து சென்றார். இவையெல்லாம் கண்காட்சிகள். பொதுமக்களுள் ஒருவர் விமானம் ஓட்டக் கற்பதற்கு அப்போது வழியில்லை.

அவ்வழியைத் திறந்தது இங்கிலாந்தில் 1925-ஆம் ஆண்டு தோன்றிய 'மாத்' என்னும் சிறு விமானம். ஜெப்ரி டி ஹாவிலண்ட் அமைத்த அந்த விமானம் எடை குறைந்தது, விலையும் குறைவு, இருவர் அமரலாம். அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் அரசாங்கம் பொருளுதவி செய்ய, அங்கே விமானக் கழகங்கள் தோன்றின. ஒரு விமானத்தைத் தனியாக வாங்க இயலாத பலர் ஒன்றுகூடிச் சந்தா செலுத்தி, சில விமானங்களையும் ஒரு பயிற்சியாளரையும் ஒரு பொறியாளரையும் வைத்துக்கொண்டு கற்பது இம்முறை. அதே முறை இந்தியாவுக்கும் வந்தது. 1927-இல் சிவில் விமானத் துறை தனியே ஏற்பட்டது. கர்னல் ஷெல்மர்டைன் அதன் முதல் இயக்குநர். இந்திய–பர்மா விமானக் கழகமும் அவ்வாண்டிலேயே உருவாயிற்று. 1928-இல் பம்பாய், டில்லி முதலிய நகரங்களில் கழகங்கள் எழுந்தன. 1930-ஐ ஒட்டிச் சென்னையிலும் ஒன்று தோன்றியது. பம்பாய்க் கழகத்தில் கற்ற ஜே. ஆர். டி. டாட்டா 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் விமானியின் சான்றிதழைப் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட சான்றிதழ்களில் அதன் எண் ஒன்று.

இக்கழகங்களின் அமைப்பை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு விமானம் பறக்குமுன் அதை மூவர் பார்க்கின்றனர். முதலாவது, பொறியாளர். அவர் இயந்திரத்தையும் இறக்கைகளையும் சோதித்து ஏட்டில் கையெழுத்திடுவார். இரண்டாவது, பயிற்சியாளர். இன்றைய காற்றிலும் வெளிச்சத்திலும் இந்த மாணவரை வெளியே அனுப்பலாமா என்பதை முடிவுசெய்து, பறப்பு அனுமதி ஏட்டில் ஒப்பமிடுவார். மூன்றாவது, விமானி. முன்னிருவரும் பார்த்துவிட்டனர் என்று எண்ணாமல், தாமும் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வோர் உறுப்பையும் தொட்டுப் பார்ப்பார். ஒரே பொருளை மூவர் பார்ப்பது வீண்வேலை என்று தோன்றலாம். மனிதர்கள் மறப்பார்கள், களைப்படைவார்கள், அவசரப்படுவார்கள் என்பதை ஒப்புக்கொண்டு வகுத்த ஏற்பாடு அது. ஒருவர் மறந்ததை மற்றொருவர் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால், மூவரும் 'மற்றவர் பார்த்திருப்பார்' என்று நினைத்துவிட்டால், ஒருவருமே பார்க்காத விமானம் ஒன்று வானத்தில் ஏறிவிடும்.

1930-ஆம் ஆண்டு இத்துறையில் நினைவுகூரத்தக்கது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே ஒரு மாதத்துக்குள் தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்கு ஆகாகான் 500 பவுன் பரிசு அறிவித்தார். மூன்று இளைஞர்கள் முன்வந்தனர். மன்மோகன் சிங் தம் விமானத்துக்கு 'மிஸ் இந்தியா' என்று பெயரிட்டு இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் பார்சி இளைஞரும் அங்கிருந்தே கிளம்பினார். அப்போது அவருக்கு வயது பதினேழு. டாட்டா கராச்சியிலிருந்து எதிர்த்திசையில் பறந்தார்.

எகிப்தில் அபூகிர் என்னுமிடத்தில் டாட்டா இறங்கியபோது, எஞ்சினியர் அங்கே பறக்க இயலாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய விமானத்துக்கு ஸ்பார்க் பிளக்குகள் தேவைப்பட்டன. மாற்றுப் பிளக் அவரிடம் இல்லை. டாட்டா தம்மிடமிருந்த உபரிப் பிளக்குகளைப் போட்டியாளருக்கே கொடுத்தார். எஞ்சினியர் கராச்சியை அடைந்து பரிசை வென்றார். டாட்டா சில மணி நேர வேறுபாட்டில் அதை இழந்தார். மன்மோகன் சிங் பயணத்தை முடித்தபோதிலும், வழியில் நேர்ந்த தடைகளால் ஒரு மாதக் கெடுவைக் கடந்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் டாட்டாவின் பெருந்தன்மையைப் புகழ்வார்கள். புகழத்தக்கதே. ஆனால், நான் இதில் வேறொன்றையும் காண்கிறேன். பாலைவனத்தைக் கடக்கும் பயணத்தில் உபரிப் பிளக்கை எடுத்துவந்தவர் ஒருவர். அது கையில் இல்லாதவர் மற்றொருவர். பரிசு பெற்றவர் பின்னவர். ஆகையால், வெற்றியை வைத்து ஆயத்தத்தை அளப்பது பிழையாகும். சரியாக ஆயத்தம் செய்யாமலும் நூறுமுறை பத்திரமாகத் திரும்பிவரலாம். அதனாலேயே அப்பழக்கம் நிலைத்துவிடுகிறது. எஞ்சினியர் பின்னாளில் இந்திய விமானப்படைத் தலைவராக 1960 முதல் 1964 வரை பணியாற்றினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதினேழு வயதில் பிளக் இன்றி நின்றவர் அந்நிலைக்கு உயர்ந்தார் என்றால், தம் அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டே உயர்ந்திருப்பார் என்று நாம் கருதலாம்.

அதே 1930-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் மாலையில், இங்கிலாந்திலிருந்து இந்தியாவை நோக்கி ஆர்-101 என்னும் மாபெரும் ஆகாயக் கப்பல் புறப்பட்டது. கராச்சி அதன் இலக்கு. பிரிட்டனின் விமானத்துறை அமைச்சர் தாம்சன் பிரபு அதில் இருந்தார். இம்பீரியல் மாநாட்டுக்குள் அவர் இந்தியா சென்று திரும்ப வேண்டும் என்பது திட்டம். கப்பலுக்கு இன்னும் சோதனைகள் தேவைப்பட்டன. எனினும், பறக்கத் தகுதியுள்ளது என்னும் தற்காலிகச் சான்றிதழ் புறப்படும் தறுவாயில் கையில் கொடுக்கப்பட்டது. வானிலையும் நன்றாக இல்லை. மறுநாள் விடியுமுன்னரே அது பிரான்சில் போவே நகரருகே வீழ்ந்து தீப்பற்றியது. 48 பேர் மாண்டனர். அமைச்சரும் மாண்டார், பிரிட்டனின் சிவில் விமானத்துறைத் தலைவர் சர் செப்டன் பிராங்கரும் மாண்டார். மேற்பார்வை செய்ய வேண்டிய அதிகாரிகளே கப்பலில் அமர்ந்திருந்தார்கள் என்பதை நோக்குங்கள். பெரிய பதவியில் இருப்பவர் உடன் வருகிறார் என்பது காற்றின் வேகத்தைக் குறைப்பதில்லை. சான்றிதழில் இடப்பட்ட ஒப்பம், செய்யப்படாத சோதனைக்கு ஈடாவதுமில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து அமெரிக்காவில் வேறு வகையான பாடம் கிடைத்தது. 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள், போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு இயந்திரக் குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக எழும்பியது. தரையில் நிற்கும்போது காற்றடித்து வால் பகுதி ஆடாமலிருக்கப் பூட்டு ஒன்று உண்டு. அதைத் திறக்க மறந்துவிட்டனர். விமானம் எழும்பியதும் வீழ்ந்தது. விமானிகள் இருவர் உயிரிழந்தனர். அவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், மிகத் தேர்ந்தவர்கள். 'இந்த விமானம் ஒரு மனிதனால் கையாளக்கூடியதன்று' என்ற பேச்சு எழுந்தது. ஆனால், அமெரிக்கப் படை விமானிகள் விமானத்தைக் கைவிடவில்லை. புறப்படுமுன் செய்ய வேண்டியவற்றை ஓர் அட்டையில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். அந்தச் சரிபார்ப்புப் பட்டியல்தான் இன்று உலகிலுள்ள ஒவ்வொரு விமானத்திலும், மருத்துவமனைகளின் அறுவைக் கூடங்களிலுங்கூட இடம் பெற்றிருக்கிறது. திறமை உடையவருக்கும் நினைவு தவறும் என்பதை நாணமின்றி ஒப்புக்கொண்டதே இதன் சிறப்பு.

சட்டமும் இதே காலத்தில் முறைப்பட்டது. இந்தியாவில் 1934-இல் விமானச் சட்டமும் 1937-இல் விமான விதிகளும் பிறந்தன. 1944-ஆம் ஆண்டு சிக்காகோ நகரில் பல நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. அதன் இணைப்பாக வகுக்கப்பட்ட பறப்பு விதிகளில் விமானியின் கடமை தெளிவாகக் கூறப்பட்டுள்ளது. புறப்படுமுன், அந்தப் பயணத்துக்குத் தொடர்புடைய தகவல்கள் அனைத்தையும் விமானத்தின் தலைமை விமானி அறிந்திருக்க வேண்டும். விமான நிலையத்தின் சுற்றுப்புறத்தைவிட்டு வெளியே செல்வதாயின், அண்மைய வானிலை அறிக்கைகளையும் முன்னறிவிப்புகளையும் கவனமாகப் படிக்க வேண்டும். எரிபொருள் தேவையைக் கணக்கிட வேண்டும். எண்ணியபடி பயணம் முடியாவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே முடிவுசெய்திருக்க வேண்டும். இந்தியாவின் பழைய 1934-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து 2025-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் பெயர் மாறினாலும் விமானியின் இக்கடமை மாறவில்லை.

இந்த ஆயத்தம் என்பது என்ன என்பதை எங்கள் கரிசல் பூமியை வைத்தே விளக்குகிறேன்.

முதலாவது வெப்பம். கோவில்பட்டி வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. சித்திரை வெயில் 40 டிகிரி செல்சியசைத் தொடும்போது காற்று விரிந்து அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் இறக்கைக்குத் தூக்குவிசை குறையும். இயந்திரத்தின் வலிமை குறையும். முன்னே சுழலும் விசிறியின் இழுப்பும் குறையும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்நேரத்தில் விமானம் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரமுள்ள மலைமேட்டில் நிற்பதைப் போலவே நடந்துகொள்ளும். காலை ஏழு மணிக்கு எளிதாக எழும்பிய அதே விமானம், அதே சுமையுடன், பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடுதளத்தின் கடைசிவரை ஓடியும் எழும்பத் தயங்கலாம். விமானத்தில் ஒரு குறையும் இராது. கணக்குப் போடாத விமானியிடமே குறை இருக்கும்.

இரண்டாவது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் பாயும் காற்றின் வலிமையைக் கயத்தாற்றுக் காற்றாலைகள் சொல்லும். ஓடுதளத்துக்குக் குறுக்கே வீசும் அக்காற்றில் இறங்குவது தேர்ந்தவருக்கும் கடினம். அன்றியும், அக்காற்றாலைக் கோபுரங்கள் அண்மைக் காலத்தவை. பழைய வரைபடத்தை நம்பிப் புறப்பட்டவருக்கு அவை வழியில் நிற்பது தெரியாது. ஆகவே, வரைபடத்தைப் படித்தால் மட்டும் போதாது. அது எந்த ஆண்டு வரைபடம் என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மழை. ஐப்பசி, கார்த்திகையில் பிற்பகலில் திரளும் இடிமேகத்துக்குள் சிறு விமானம் புகலாகாது. வழியில் இறங்கலாம் என்றால், நனைந்த கரிசலில் சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழும். கோடையில் அதே நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எனவே, திரும்பிவர வேண்டிய இடமும், அதுவும் இயலாவிட்டால் இறங்க வேண்டிய மாற்று நிலையமும் புறப்படுமுன்னரே தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மதுரையா, தூத்துக்குடியா என்பதை மழைக்குள் சிக்கிய பிறகு யோசிக்க முடியாது.

நான்காவது எரிபொருள். மானி காட்டும் அளவை மட்டும் நம்பாமல், தொட்டியில் கோல்விட்டுப் பார்ப்பதும், அடியிலிருந்து சிறிது வடித்து அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் பழைய கழகங்களிலிருந்து வரும் பழக்கங்கள். இது சிறு விமானத்துக்கு மட்டும் உரியதன்று. 1983-ஆம் ஆண்டு ஜூலை 23-ஆம் நாள் கனடாவில் 69 பேருடன் பறந்த ஒரு பெரிய போயிங் 767 விமானத்தின் இயந்திரங்கள் நடுவானில் அடுத்தடுத்து நின்றன. எரிபொருள் மானி பழுதுபட்டிருந்தது; கையால் போட்ட கணக்கில் கிலோகிராமுக்குப் பதிலாகப் பவுண்டுக் கணக்கு புகுந்துவிட்டது; தேவையானதில் பாதிக்கும் குறைவான எரிபொருளுடன் விமானம் புறப்பட்டிருந்தது. விமானி அதை மிதக்கவிட்டே கிம்லி என்னும் கைவிடப்பட்ட பழைய ஓடுதளத்தில் இறக்கி அனைவரையும் காப்பாற்றினார். பௌதிக வகுப்பில் விடையை எழுதி அலகை எழுதாமல் விடும் மாணவர்கள் இதை மறவாதிருப்பார்களாக.

ஐந்தாவது, விமானி தம்மையே சோதித்துக்கொள்வது. இதைத்தான் எல்லாரும் எளிதில் விட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் தனி விமானி உரிமம் பெறுவதற்குக் குறைந்தது 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும் வேண்டும். நாற்பது மணி என்பது மிகச் சிறிது. கழகத்தில் கற்கும் வரை பயிற்சியாளரின் கண் மேலே இருக்கும். உரிமம் கைக்கு வந்த மறுநாளே அவர் தனித்து முடிவெடுக்கிறார். அதற்குப் பிறகு கழகம் பார்ப்பவை சிலவே: உரிமம் நடப்பில் உள்ளதா, மருத்துவச் சான்று உண்டா, அண்மையில் பறந்த பழக்கம் இருக்கிறதா என்பன. இரவு சரியாகத் தூங்கினாரா, மனம் அமைதியாக உள்ளதா, எப்படியும் போய்ச் சேர வேண்டும் என்ற பிடிவாதம் பற்றிக்கொண்டதா என்பவற்றை எந்த ஏடும் பதிவு செய்வதில்லை.

1999-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் இரவு, மறைந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு சிறு விமானத்தில் கடல்மேல் பறந்தார். கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்குரிய தகுதி அவருக்கு இல்லை. மூடுபனியும் இருளும் சேர்ந்து, கடலும் வானமும் ஒன்றாகிவிட்டன. திசையுணர்வு தடுமாறி விமானம் கடலில் விழுந்தது, மூவரும் இறந்தனர். அன்று வானிலைத் தகவல் கேட்டுப் பெறப்பட்டிருந்தது என்றும், 'உடன் வரட்டுமா' என்று பயிற்சியாளர் ஒருவர் கேட்டதற்குத் தாம் தனியே செல்ல விரும்புவதாக அவர் சொன்னார் என்றும் விசாரணை அறிக்கை கூறுகிறது. வானிலை அறிக்கையைப் படிப்பது ஒன்று. அந்த வானிலைக்கு என் திறமை போதுமா என்று கேட்பது மற்றொன்று. அறிக்கையை எவரும் படித்துச் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு விமானி ஒருவரே விடை சொல்ல முடியும்.

நம் நாட்டில் விமானக் கழகங்களின் வரலாற்றில் ஒரு துயர நாள் 1980-ஆம் ஆண்டு ஜூன் 23. டில்லி விமானக் கழகத்தின் பிட்ஸ் என்னும் சாகசப் பறப்பு விமானத்தில், பிரதமர் இந்திரா காந்தியின் மகன் சஞ்சய் காந்தி, கழகத்தின் பயிற்சியாளர் கேப்டன் சுபாஷ் சக்சேனாவுடன் சப்தர்ஜங் நிலையத்திலிருந்து எழும்பினார். நகருக்கு மேல் சாகசம் நிகழ்த்துகையில் விமானம் கட்டுப்பாடு இழந்து வீழ்ந்தது, இருவரும் இறந்தனர். மறைந்தவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால், மேற்பார்வை என்பதைப் பற்றி அந்நாள் எழுப்பும் கேள்வியை நாம் தவிர்க்க முடியாது. மக்கள் வாழும் இடத்துக்கு மேல் தாழ்வாகச் சாகசம் செய்யலாகாது என்பது உலகறிந்த பொது விதி. விதி இருந்தது, கழகம் இருந்தது, அரசாங்கத் துறை இருந்தது, பயிற்சியாளர் விமானத்துக்குள்ளேயே இருந்தார். இத்தனையும் இருந்தும் இரண்டு உயிர்கள் போயின. எவரிடமும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லக்கூடிய மேற்பார்வைதான் மேற்பார்வை. எளியவரைத் தடுத்து வலியவரை விட்டுவிடும் மேற்பார்வையால் வலியவருக்கே முதலில் தீங்கு வருகிறது.

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடம் உண்டு. சென்னைக் கழகத்தோடு தொடர்புடைய விமானி வி. சுந்தரமும், அவர் மனைவி உஷா சுந்தரமும் 1950-களின் தொடக்கத்தில் சென்னை அரசாங்கத்துக்காக ஒரு 'டவ்' விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். அத்தனை நாடுகளைக் கடந்து அவ்வளவு விரைவில் வருவதற்கு வேகம் மட்டும் போதாது. எங்கே எரிபொருள் நிரப்புவது, எங்கே வானிலை எப்படி, யார் எப்போது ஓட்டுவது, யார் எப்போது ஓய்வெடுப்பது என்பவையெல்லாம் புறப்படுமுன்னரே முடிவான பயணமே அப்படி நிறைவேறும். பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை கழகங்களுக்காகவே 'புஷ்பக்' என்னும் இருவர் விமானத்தைச் செய்தது. 1958-ஆம் ஆண்டு செப்டம்பரில் அது முதன்முதலாகப் பறந்தது. அதில் கற்ற இளைஞர்கள் பலர் பின்னர்ப் பெரிய விமானங்களின் தலைமை விமானிகள் ஆயினர். சிறு விமானத்தில் பழகிய சரிபார்க்கும் பழக்கமே அவர்கள் உடன் எடுத்துச்சென்ற முதல்.

இப்போது ஒரு மறுப்பை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். 'கழகம் கட்டணம் வாங்குகிறது. அரசாங்கம் அதற்கு அனுமதி அளிக்கிறது. பொறுப்பை முழுதும் விமானியின் தலையில் கட்டுவது நியாயமா?' என்று சிலர் கேட்கின்றனர். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பழுதான விமானத்தைக் கொடுத்துவிட்டு, 'நீர் சரிபார்த்திருக்க வேண்டும்' என்று ஒரு கழகம் சொல்லித் தப்பிக்க முடியாது. பதினெட்டு வயது மாணவருக்குத் தெரியாதது இன்னது என்பதை அறிந்திருக்க வேண்டியவர் பயிற்சியாளர்தான். அக்கடமையை உரிய அதிகாரிகள் நேரில் வந்து சோதிக்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நாட்டின் பயிற்சி நிறுவனங்களைத் தரம் பிரித்து வெளியிடத் தொடங்கியதை நான் அதனாலேயே வரவேற்கிறேன்.

ஆனால், பொறுப்பு என்பது பாகம் பிரிக்கும் நிலம் போன்றதன்று. கழகத்துக்கு முழுப் பொறுப்பு உண்டு. விமானிக்கும் முழுப் பொறுப்பு உண்டு. ஒருவர் தம் கடமையைச் செய்ததனால் மற்றவருடைய கடமை குறைவதில்லை. கழகத்தின் ஒப்பம் 'நீ பறக்கலாம்' என்கிறது. 'இப்போது, இந்த விமானத்தில், இந்த வானிலையில் பறக்க வேண்டும்' என்று அது சொல்வதில்லை. அந்த முடிவு இருக்கையில் அமர்ந்திருப்பவருடையது. அவருக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பயணி வானிலை அறிக்கையைக் கண்டதில்லை. எரிபொருளைக் கோல்விட்டுப் பார்த்ததில்லை. அவர் ஒரு மனிதரை நம்பி ஏறியிருக்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கழகத்தின் தலைவர் இருப்பதில்லை, விமானிதான் இருக்கிறார்.

மாணவ நண்பர்களே, கோவில்பட்டி ஓடுதளத்தில் ஒருநாள் பயிற்சி தொடங்கினால், உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் அங்கே சேருவார். ஊரே திரண்டு அவர் முதன்முதலாகத் தனியே பறப்பதைப் பார்க்கப் போகும். அன்று மேற்கே மேகம் கறுத்திருந்தால், 'இன்று நான் பறக்கவில்லை' என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு அவர் விமானத்தைவிட்டு இறங்கக்கூடும். அப்படி இறங்கினால் அவரை ஏளனம் செய்யாதீர்கள். கை தட்டுங்கள், அவர் விமானி ஆகிவிட்டார்.